பரீட்சை மேற்பார்வையும் தராதரமும்: ஒரு வரலாற்று நோக்கு

பரீட்சையின் தராதரத்தை வினாத்தாளே நிர்ணயிக்கின்றது எனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. ஆயின் வினாத்தாள் எத்துணைச் சிறந்ததாயினும், அது எழுதப்படும் மண்டபத்திலும் விடைத்தாள் திருத்தப்படும் மேசையிலும் நிலவும் மேற்பார்வையே பெறுபேற்றுக்கு மதிப்பளிக்கின்றது. இலங்கையின் இடைநிலைக் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை இங்கு நடைமுறையிலிருந்தது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வந்து மாணவரைப் பரீட்சிப்பார். அவர் இடும் புள்ளியிலேயே பாடசாலையின் நன்கொடை தங்கியிருந்தது. நெட்டுருப் போடும் வழக்கம் இதனால் வேரூன்றியதில் வியப்பில்லை.

1880இல் அறிமுகமான கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை இதனின்றும் வேறுபட்டது. வினாத்தாள்கள் முத்திரையிடப்பட்டுக் கப்பலில் வந்தன. விடைத்தாள்கள் கப்பலிலேயே திரும்பின. திருத்தியவர் மாணவனையோ அவனது ஊரையோ அறியார். கடல் கடந்த தூரமே ஒரு மேற்பார்வையாளனாயிற்று எனலாம். பாடத்திட்டம் அந்நியமானது என்ற குறை நியாயமானதே. எனினும் புள்ளிகளின் நேர்மையை ஐயுறுவதற்குக் காரணம் அரிதாகவே இருந்தது.

சுதேச மொழிகள் போதனாமொழிகளானமை காலத்தின் தேவை. ஆனால் அதனுடன் ஒரு புதிய சிக்கலும் தோன்றிற்று. சிங்களத்தில் எழுதப்பட்டதைச் சிங்களப் பரீட்சகரும் தமிழில் எழுதப்பட்டதைத் தமிழ்ப் பரீட்சகரும் திருத்தினர். ஒருவர் திருத்தியதை மற்றவர் வாசித்தறிதல் பெரும்பாலும் இயலாதிருந்தது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் பரீட்சைக் குற்றங்களுக்குத் தண்டனை வகுத்தது. ஆனால் இரு மொழிப் பரீட்சகரிடையே நம்பிக்கையை வளர்ப்பது சட்டத்தால் ஆகக்கூடியதன்று.

அந்நம்பிக்கையின்மை 1970இல் வெளிப்பட்டது. தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவருக்குக் கூடிய புள்ளிகள் வழங்கினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிரூபிக்கப்படவில்லை. மேற்பார்வையில் உண்மையிலேயே குறைபாடு இருந்திருப்பின், இருமொழியும் அறிந்த பிரதம பரீட்சகரைக் கொண்டு விடைத்தாள்களை மீளத் திருத்துவித்தலே முறையான பரிகாரமாகும். மேற்கொள்ளப்பட்டதோ வேறொன்று. 1971ஆம் ஆண்டு அனுமதியில், 400 புள்ளிகளுக்கு, மருத்துவபீடத்திற் சேரத் தமிழ் மாணவர் 250 புள்ளிகளும் சிங்கள மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற்பீடத்திற்கு இவை முறையே 250, 227 ஆகும்.

பரீட்சகரின் மொழியே காரணமாயின், ஒரே மொழியில் எழுதியோருக்கு ஒரே வெட்டுப்புள்ளி இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறிருக்கவில்லை. ஒரே மொழியில் விடையளித்தோருக்கும் இனத்துக்கேற்ப வெவ்வேறு புள்ளிகளே விதிக்கப்பட்டன. குற்றச்சாட்டு மேற்பார்வை பற்றியது. பரிகாரமோ மேற்பார்வையைத் தீண்டவேயில்லை.

1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்டப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தன. பின்தங்கிய மாவட்ட மாணவர் சிலருக்கு, தமிழர் உட்பட, மாவட்டப் பங்கீட்டினால் வாய்ப்புக் கிட்டியதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அது பாடசாலை வளங்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய நடவடிக்கை. விடைத்தாளை யார் திருத்தினார், அவரை யார் மேற்பார்வை செய்தார் என்ற 1970ஆம் ஆண்டு வினா அதற்குள் கைவிடப்பட்டிருந்தது.