கடைசி இருபது அடி

திருவல்லிக்கேணியில் என் தாத்தா கட்டிய வீட்டில் சென்ற கோடையில் தண்ணீர்க் குழாய்களை மாற்றினோம். வீட்டுக்கு வயது எண்பதுக்கு மேல். கூடத்துச் சுவருக்குள் ஓடிய ஜி.ஐ. குழாயை பிளம்பர் அறுத்தெடுத்து, "உள்ள பாருங்க சார், சுண்டு விரல் கூட நுழையாது" என்று என் கையில் கொடுத்தார். ஓர் அங்குலக் குழாய். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் துரு கட்டி கட்டியாக வளர்ந்து, நடுவில் பென்சில் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை மட்டுமே எஞ்சியிருந்தது. மூன்று தலைமுறையாக அந்த ஓட்டை வழியே வந்த நீரைத்தான் குடித்திருக்கிறோம்.

அன்று மாலை வீட்டில் ஒரு விவாதம். அடுக்களைக்குப் போகும் குழாயை மட்டும் மாற்றினால் போதும், பாதிச் செலவில் முடிந்துவிடும் என்றார் அண்ணா. தங்கையும் அவளுடைய இரண்டு வயதுக் குழந்தையும் இவ்வீட்டுக்கே குடிவரவிருந்த நேரம் அது. முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் படித்தவற்றையும், முன்பே படித்து மறந்து பின் நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே தொகுத்து வைக்கிறேன்.

குழாய்ப் பணியாளரைக் குறிக்கும் 'பிளம்பர்' என்ற சொல் 'பிளம்பம்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிளம்பம் என்றால் காரீயம். ரோமானியர்கள் காரீயத் தகட்டை வளைத்து, விளிம்புகளை ஒட்டிக் குழாய் செய்தார்கள். அது எளிதில் உருகும், எளிதில் வளையும், துருப்பிடிக்காது. இத்தனை நற்குணங்களுக்கும் பின்னே ஒரு தீங்கு ஒளிந்திருப்பதை அன்றே ஒருவர் கண்டுகொண்டார். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், மண்குழாய் வழியே வரும் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததன்று. காரீயம் உருக்கும் தொழிலாளர்களின் வெளுத்துப்போன முகங்களே சான்று. வெள்ளிப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் செல்வர்களும் சுவைக்காக மண்பாண்டத்தையே நாடுகிறார்கள் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரோமாபுரியின் பழைய துறைமுகத்தில் படிந்த வண்டலை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அந்நகரக் குழாய் நீரில் ஊற்று நீரைக் காட்டிலும் நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்று 2014-ல் கணித்தார்கள். ஆயினும் பேரரசை வீழ்த்துமளவுக்கு அது பெரிதன்று என்பதும் அவர்களுடைய முடிவே. ஆகவே 'ஈயத்தால் அழிந்த ரோம்' என்ற பரபரப்பான கதையை நாம் ஒதுக்கிவிடலாம்.

என்னை அதைவிடக் கவர்ந்தது வேறொன்று. கி.பி. 97-ல் ரோமின் நீர்வழங்கலுக்குத் தலைமை ஏற்ற ஃப்ரான்டினஸ் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. பொது நீர்த்தொட்டியிலிருந்து தனியார் வீட்டுக்குக் குழாய் பிரியும் இடத்தில் வெண்கலத்தாலான ஒரு வாய்க்குழல் பொருத்தப்பட வேண்டும்; அதன் நீளம் குறைந்தது பன்னிரண்டு விரல், அதாவது ஏறத்தாழ 22 செ.மீ. காரீயமாக இருந்தால் எளிதில் அகலப்படுத்திவிடுவார்கள், ஆகையால் வெண்கலம். அதையடுத்து ஐம்பது அடி வரை குழாயின் விட்டமும் மாறக்கூடாது. நீர் பெறும் உரிமை வாரிசுக்கும் போகாது, வீட்டை வாங்குபவருக்கும் போகாது. புதிய உரிமையாளருக்குத் தொட்டியில் புதுத் துளை இட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் தமக்கென்று வைத்து நீரை விற்ற ஊழியர்களைப் பற்றியும் அவர் கசப்புடன் குறிப்பிடுகிறார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய சென்னைவாசிக்கு இதில் வியக்க ஏதுமில்லை!

நான் இதில் கண்ட செய்தி இதுதான்: பெருங்கால்வாயும் நீர்த்தேக்கமும் அரசின் பெருமை, வாய்க்குழலைத் தாண்டிய பின் வரும் குழாய் வீட்டுக்காரரின் தலைவலி. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த எல்லைக்கோடு மாறவில்லை. நீரின் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதியும், அதிகம் நஞ்சு சேர்ந்த பகுதியும் அந்தக் கடைசி இருபது அடிதான்.

*

சென்னையின் கதையும் அப்படியே. 1772-ல் கேப்டன் பேக்கரின் முயற்சியால் ஏழுகிணறு உருவானது, கோட்டைக்கு நீர் வந்தது. ஃப்ரேசர் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்டு, சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் வழியே 1872-ல் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. வடிகட்டாத நீர்தான், அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் தன் எடையாலேயே நகருக்குள் பாய்ந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் வந்தன. 1961-ல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று எதிர்பார்த்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன் என்ற கணக்கில் அமைத்தார்கள். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

விளைவை நாம் அறிவோம். அழுத்தம் குறைந்தது. மாடிக்கு ஏறிய நீர் தரையோடு நின்றது. பின் தரைக்கும் வரவில்லை. வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைக் கீழிறக்கினோம். அப்புறம் அடிபம்பு. அப்புறம் சம்ப், மோட்டார், மொட்டைமாடித் தொட்டி. எப்போதும் நிறைந்திருக்கும் குழாயைவிட, நீரும் காற்றும் மாறி மாறி நிற்கும் குழாயே விரைவில் துருப்பிடிக்கும். என் கையிலிருந்த துண்டில் வளர்ந்திருந்த துருவில் நகரத்தின் தாகமும் சேர்ந்தே படிந்திருந்தது.

"நம் ஊரில்தான் ஈயக்குழாய் இல்லையே" என்று நானும் முதலில் நினைத்தேன். தெருவின் வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளில் சணலைத் திணித்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது வழக்கம் என்று பிளம்பர் சொன்னார். அவருடைய அப்பா அந்த வேலை செய்தவராம். வீட்டுக்குள் ஜி.ஐ. குழாயின் மரைகளில் சணலோடு பூசப்பட்டது வெள்ளை ஈயம். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-ல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்றார். அந்தத் துத்தநாகத்திலேயே சிறிதளவு ஈயம் கலந்திருப்பது நெடுங்காலம் சாதாரணமாக இருந்தது. துரு அதைப் பற்றி வைத்துக்கொள்ளும். குழாய் அதிரும்போது உதிர்த்துவிடும்.

இனி, பாதிக் குழாயை மாற்றும் யோசனைக்கு வருகிறேன். 1880களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பலர் ஈய நஞ்சால் நோயுற்றனர். குழாய் புதிதன்று, மலைச் சதுப்பிலிருந்து வந்த நீரின் அமிலத்தன்மையே ஈயத்தைக் கரைத்தது. குழாயின் உட்புறத்தில் படியும் உப்புப்படலம் ஒரு கவசம். நீரின் குணம் மாறினால் கவசம் கரையும். இதே பாடத்தை அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் 2014-ல் மீண்டும் படித்தது. செலவைக் குறைக்க, டெட்ராய்டிலிருந்து வந்த ஏரிநீரை நிறுத்தி ஆற்றுநீரைத் திறந்தார்கள்; அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. அங்கிருந்த கார் எஞ்சின் ஆலை, பாகங்கள் அரிக்கப்படுவதாகக் கூறி அதே ஆண்டு அக்டோபரில் அந்நீரைக் கைவிட்டது. குழந்தைகள் மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள்.

மேடிசன் நகரம் வேறு வழியில் சென்றது. பாஸ்பேட் தன் ஏரிகளைக் கெடுக்கும் என்பதால், எல்லா ஈயக்குழாய்களையும் தோண்டியெடுத்துவிடுவதென்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவெடுத்தது. தெருவின் பங்கை நகரம் மாற்றும், வீட்டின் பங்கை உரிமையாளர் மாற்ற வேண்டும், அவருக்குச் செலவில் ஒரு பகுதி திருப்பித் தரப்படும். இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பாதியை மட்டும் மாற்றினால், வெட்டும் அதிர்ச்சியில் மீதிப்பாதியின் படலம் உடைந்து, நீரில் ஈயம் சிறிது காலத்துக்கு அதிகரிக்கவும் கூடும் என்பது பின்னர் ஆய்வுகளால் தெளிவாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் அறிவியல் ஆலோசகர்களும் 2011-ல், அரைகுறை மாற்றத்தை நம்ப முடியாது என்றே சொன்னார்கள்.

நம் வீட்டில் இருப்பது ஈயக்குழாயன்று, பழைய துரு. ஆனாலும் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அறுக்கும்போது உதிரும் துரு எங்கே போகும்? புதிய குழாய்க்குள், பிறகு குழந்தையின் தம்ளருக்குள். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "முழுசா மாத்திடலாம்டா" என்றார்.

கடைக்குப் போனபோது ஒரு குட்டு விழுந்தது. எண்பதுகளில் நாங்களே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறக்கிய வெள்ளை பி.வி.சி. குழாய் இருக்கிறதே, அது குற்றமற்றது என்று நினைத்திருந்தேன். தயாரிக்கும்போது வெப்பத்தில் சிதையாதிருக்க, பி.வி.சி.யில் ஈய உப்புகளைக் கலப்பது நம் நாட்டில் பரவலான வழக்கமாக இருந்திருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது 2021-ல்தான். இரும்பைத் துறந்து நெகிழிக்குப் போனவர்களோடும் காரீயம் கூடவே வந்திருக்கிறது! அதையும் கழற்றினோம். ஈயம் கலவாதது என்று எழுத்தில் உறுதி தரும் குழாயாகக் கேட்டு வாங்கினோம். கடைக்காரர் எங்களைச் சற்று விநோதமாகத்தான் பார்த்தார்.

வேலை முடிய ஒன்பது நாள் ஆயிற்று. இணைப்பு முடிந்ததும், ஒவ்வொரு குழாயின் முனையிலிருந்த வலையையும் கழற்றி, அரைமணி நேரம் நீரை ஓடவிட்டோம். முதல் வாளி கலங்கலாக வந்தது, நான்காவது வாளி தெளிந்தது.

அப்போதுதான் பாட்டியின் நினைவு வந்தது. விடியற்காலையில் குழாயைத் திறந்து, முதல் வாளியை வாசல் தெளிக்க எடுத்துக்கொள்வாள். இரண்டாவது வாளி துளசிக்கும் வாழைக்கும். மூன்றாவதுதான் அடுக்களைக்குள் நுழையும். "ராத்திரி பூரா கிடந்த ஜலம், ஆகாது" என்பாள். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில்தான் உலோகம் மிகுதியாகக் கரைந்திருக்கும், காலையில் சற்று ஓடவிட்டுக் குடியுங்கள் என்று இன்று நீரியல் வல்லுநர்கள் சொல்வதும் இதையே. அவள் விட்ருவியஸைப் படித்தவளல்லள். வெளுத்த முகங்களைப் பார்த்து அவர் அறிந்ததுபோல, செம்பில் விழுந்த நீரின் நிறத்தைப் பார்த்து இவள் அறிந்திருக்கிறாள்.

அறுத்தெடுத்த குழாயில் ஒரு சாண் துண்டை எறியாமல் வைத்திருக்கிறேன். உங்கள் வீடும் பழையதாக இருந்தால், அடுத்த முறை பிளம்பர் வரும்போது அறுத்த துண்டைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு முறை உள்ளே பாருங்கள்.