ராச்செஸ்டர் கோட்டை: மூன்று மூலை சதுரம், ஒரு மூலை வட்டம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் ராச்செஸ்டர் போய் வந்தோம். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மெட்வே ஆற்றின் கரையிலேயே கோட்டை நிற்கிறது. அதன் நடுக்கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது 1127-ல், கான்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பெய்ல். உயரம் 113 அடி. இன்று கூரையும் இல்லை, தளங்களும் இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நேராக வானம்தான்!

சுற்றி வந்தபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "மூணு மூலை சதுரமா இருக்கு, இது மட்டும் ஏன்டா உருண்டையா இருக்கு? மேஸ்திரி மாறிட்டாரா?"

நல்ல கேள்வி. பதில் 1215-ஆம் ஆண்டில் இருக்கிறது.

அந்த வருடம் ஜூன் மாதம் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்தான். மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று சொன்ன சாசனம் அது. ஆகஸ்ட் மாதமே போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஜான் கேட்டு வாங்கிய தீர்ப்பு! அதோடு உள்நாட்டுப் போர் மூண்டது. டோவரிலிருந்து லண்டன் போகும் சாலை மெட்வே ஆற்றைக் கடக்கும் இடம் ராச்செஸ்டர். கோட்டை யார் கையில் இருக்கிறதோ, பாலமும் சாலையும் அவர்கள் கையில். எனவே மன்னனை எதிர்த்த பிரபுக்களின் படை வில்லியம் டாபினி தலைமையில் உள்ளே புகுந்துகொண்டது.

அக்டோபரில் ஜான் முற்றுகையிட்டான். கல்லெறியும் இயந்திரங்களால் கோபுரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவரின் கனம் மட்டும் பத்து அடிக்கு மேல். பிறகு அஸ்திவாரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மரத்தூண்களால் முட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியில் அந்தத் தூண்களை எரித்தால் மேலே உள்ள சுவர் தானாக இறங்கிவிடும். ஈர மண்ணுக்குள் தீ நன்றாகப் பிடிக்க என்ன செய்வது? நவம்பர் 25-ந் தேதி ஜான் தன் அமைச்சருக்கு ஓர் உத்தரவு அனுப்பினான். நல்ல கொழுத்த, சாப்பிட லாயக்கில்லாத 40 பன்றிகளை உடனே அனுப்பு! பன்றிக் கொழுப்புதான் எரிபொருள்.

தென்கிழக்கு மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய் நின்று போராடினார்கள். குதிரைகளைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் ஏழு வாரம் தாக்குப்பிடித்து, நவம்பர் 30-ல் பசியால் சரணடைந்தார்கள். ஜான் எல்லோரையும் தூக்கில் போட நினைத்தான். நாளை நம் ஆட்களுக்கும் இதே கதி வரும் என்று அவனுடைய தளபதி ஒருவர் தடுத்தார். கடைசியில் தூக்கில் தொங்கியது ஒரே ஒரு வில்லாளி. சிறுவயதிலிருந்து ஜானின் சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

ஆக, ஜெயித்தது மன்னன்தானே? அங்கேதான் கதை திரும்புகிறது. 1216 அக்டோபரில் ஜான் நோயில் இறந்தான். ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தான். பிரபுக்களைத் தம் பக்கம் இழுக்க வேண்டுமே! அவனைச் சுற்றி இருந்தவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அப்பன் கிழித்துப் போட்ட சாசனத்தைச் சில மாற்றங்களோடு அடுத்த மாதமே மறுபடி வெளியிட்டது. 1225-ல் ஹென்றியே மீண்டும் வெளியிட்டான். முறையான தீர்ப்பு இல்லாமல் யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்ற அதன் விதி இன்றும் இங்கிலாந்தில் சட்டம்.

இடிந்த மூலையைத் திரும்பக் கட்டியதும் அதே ஹென்றியின் ஆட்சிதான். இந்த முறை வட்டமாக. சதுர மூலையைப் பெயர்ப்பது சுலபம், வட்டத்தில் பெயர்க்க மூலையே கிடையாது.

நண்பர்களே, ஒரே மன்னன் காலத்தில் இரண்டு ரிப்பேர். கல்லில் செய்தது இப்போது கூரையில்லாமல் நிற்கிறது, காகிதம் போன்ற வெறும் தோலில் எழுதியது இன்னும் நீதிமன்றத்தில் நிற்கிறது. ராச்செஸ்டர் போனால் மேலே ஏறுவதற்கு முன் அந்தத் தென்கிழக்கு மூலையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.