வாகன வலையமைப்பும் திருத்துநரின் அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

உழைப்புக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பழுதுற்றவிடத்து அவற்றைத் திருத்தியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மோட்டார் வாகனத்தினுள்ளே கடந்த நான்கு தசாப்தங்களில் உருவாகியுள்ள செய்தித் தொடர்பு வலையமைப்பினை இக்குறைபாட்டை மனங்கொண்டே நாம் நோக்க விரும்புகின்றோம். பழுதினை அறியும் ஆற்றல் யாரிடம் உள்ளது, அதனைப் பயன்படுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பனவே இங்கு எம்முன் உள்ள வினாக்கள்.

ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கே என்னும் பொறியியலாளர் 1983இல் தொடக்கிய முயற்சியே ‘கான்’ எனப்படும் வலையமைப்பாக உருப்பெற்றது. 1986 பெப்ரவரியில் டெற்றோயிற் நகரில் நடைபெற்ற மோட்டார்ப் பொறியியலாளர் மாநாட்டில் அது அறிமுகஞ் செய்யப்பட்டது. 1987இல் அதற்கான முதற் சில்லை இன்ரெல் நிறுவனம் வெளியிட்டது; 1991இல் மெர்சிடிஸ் பென்ஸ் உயர்தரக் கார்களில் அது இடம்பெற்றது; 1993இல் சர்வதேச நியமமாயிற்று. கம்பிச் செலவைக் குறைப்பதற்காகவே இது தோன்றியது என்பது பரவலான கருத்து. உண்மையில் புதிய தொழிற்பாடுகளைச் சேர்ப்பதே மூல நோக்கம். கம்பிக் குறைப்பு அதன் பக்கவிளைவு. தொழினுட்ப மாற்றம் ஒவ்வொன்றையும் செலவுக் கணக்கினாலேயே விளக்கிவிடலாம் என எண்ணும் எம்மவர் சிலர் இதனைக் கவனிப்பது நன்று.

இவ்வலையமைப்பில் இயந்திரம், தடுப்பு முதலியவற்றின் கட்டுப்பாட்டலகுகள் யாவும் முறுக்கப்பட்ட இரு செப்புக் கம்பிகளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. தலைமை அலகு என ஒன்றில்லை. செய்தி எவருக்கும் முகவரியிடப்படுவதில்லை. அது தன் அடையாள எண்ணுடன் எல்லோர்க்கும் கேட்க ஒலிக்கின்றது. இரண்டு செய்திகள் ஒருங்கே எழுமாயின் சிறிய எண்ணுடையது முந்தும். ஓய்வு நிலையில் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ 2.5 வோல்ற்று, செய்தி செல்கையில் ஒன்று 3.5 அளவுக்கு உயர, மற்றையது 1.5 அளவுக்குத் தாழும். ஓர் அலகு அனுப்பும் செய்தி பிழைக்குந்தோறும் அதன் பிழைக்கணக்கு எட்டால் ஏறும், வெற்றிக்கு ஒன்றால் இறங்கும். கணக்கு 255ஐத் தாண்டின் அவ்வலகு வலையமைப்பினின்றும் தானே விலகிக்கொள்ளும்.

எனவே இங்கு பழுது என்பது ஒரு பொருளின் குறையாக மட்டுமன்றி ஓர் உறவின் முறிவாகவும் வெளிப்படுகின்றது. யூ0100 என்னும் குறியீட்டினை எடுத்துக்கொள்வோம். இயந்திரக் கட்டுப்பாட்டலகிடமிருந்து செய்தி வரவில்லை என்பதே அதன் பொருள். அது மற்றை அலகுகள் கூறும் சாட்சியம். காரணங் கூறும் தீர்ப்பன்று. அலகு செயலிழந்திருக்கலாம், அதற்கு மின் கிடைக்காதிருக்கலாம், புவித்தொடுப்புத் துருப்பிடித்திருக்கலாம், எங்கோ கம்பி அறுந்திருக்கலாம். குறியீட்டைக் கண்டதும் அலகினை மாற்றுபவர் வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகின்றார். தேர்ந்த திருத்துநர் பற்றரித் தொடுப்பை நீக்கி, பதினாறு முனைச் சோதனைச் செருகியின் 6ஆம், 14ஆம் முனைகளிடையே தடையை அளப்பார். வலையமைப்பின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடைகள் உள்ளமையால், செருகி அதனுடன் நேரே இணைந்த வாகனங்களில் 60 ஓம் வருதல் இயல்பு. 120 வரின் ஒரு முனைத்தடையோ அதற்குச் செல்லும் கம்பியோ அறுந்துள்ளது; பூச்சியத்தை அண்மின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுள்ளன. பின்னர் அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றியதும் அளவு இயல்புக்கு மீளுகின்றது எனப் பார்ப்பார்.

செப்புவேலைத் தொழிலாளியாயிருந்த ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலில், சிந்தனையும் செயலும் பிரிக்கப்பட்டுத் தொழிலாளியின் திறன் அழிக்கப்படுகின்றதென வாதிட்டார். அவ்வாதம் எம் விடயத்துக்கு ஓரளவே பொருந்தும். இயந்திர ஒலியைக் காதால் கேட்டுப் பழுதறிந்த திறன் மதிப்பிழந்தது மெய்; ஆயினும் மேற்கூறிய அனுமான முறை அதனிலும் குறைந்த திறனன்று. திறன் அழிந்தது என்பதிலும் அது பூட்டப்படுகின்றது என்பதே பொருத்தம்.

அப்பூட்டினைத் திறந்ததும் ஒரு சமூகத் தேவையே. புகை மாசினைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா 1988 மாதிரி வாகனங்களிலிருந்து உட்சோதனை வசதியை வற்புறுத்தியது; 1996இலிருந்து ஐக்கிய அமெரிக்கா முழுவதும் பொதுச் செருகி கட்டாயமாயிற்று; 2008இலிருந்து அதன்வழிக் ‘கான்’ தொடர்பும் கட்டாயமாயிற்று. எனினும் சட்டம் முதன்மையாகப் புகை சார்ந்த தரவுகளையே திறந்தது. ஏனையவற்றுக்காக மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் திருத்தும் உரிமைச் சட்டம் வாக்காளர் ஆதரவுடன் நிறைவேறியது. 2020இல் கம்பியில்லாத் தரவுக்கும் அதனை விரித்து மக்கள் வாக்களித்தபோது, உற்பத்தியாளர் நீதிமன்றம் சென்றனர்.

அவர்கள் காட்டும் காரணம் பாதுகாப்பு. அது வெறும் சாக்கன்று. 2015இல் ஆய்வாளர் இருவர் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வாகனமொன்றினைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். 14 இலட்சம் வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. அந்நிறுவனம் 2018 மாதிரிகளிலிருந்து வலையமைப்பின் வாயிலில் காவல் அலகொன்றினை வைத்தது. தாக்குதல் வந்ததோ இணையத் தொடர்பின் வழியாக. காவலோ திருத்துநர் கைவைக்கும் செருகிக்கும் சேர்த்து வைக்கப்பட்டது. பதிவுபெறாத கருவி குறியீட்டை வாசிக்கலாம், அழித்தல் இயலாது. அறுந்த கம்பியைத் தேடிப் பற்றவைக்க இன்றும் எவர் அனுமதியும் வேண்டியதில்லை. பல வாகனங்களில் புதிய அலகொன்றைப் பொருத்தினாலோ, உற்பத்தியாளரின் கணினி அதனை ஏற்றுக்கொள்ளும்வரை வாகனம் திருத்தகத்திலேயே நிற்கும்.