வெண்பனி மேல் ஓடும் வாகனம்



நம் நாட்டிற் பனி என்றதும் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் ஈரமே நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பனி வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே நவம்பர் தொடங்கி ஏப்ரில் வரை பஞ்சுபோல விழுந்து குவிந்து, வேலியையும் வீதியையும் வேறுபாடின்றி மூடிவிடும் வெண்பனி அது. நம்மவர் பலர் அந்நாட்டிற் குடியேறி வாழ்கின்றனர் ஆதலின், கடிதங்கள் வாயிலாகவும் படங்கள் வாயிலாகவும் அதனை அறிந்தவர் இன்று இங்கும் உளர். ஆயினும் வீதிப் பனியை அகற்றும் யந்திரங்கள் ஓடாத காலத்தில் அங்கே வாழ்ந்தவர் பட்ட பாடு படங்களில் தெரிவதில்லை.

1940 ஆம் ஆண்டுகள் வரையில், அம்மாகாணத்துக் கிராமத்தார் மோட்டார் வண்டி வைத்திருந்தாலும், பனி கனத்து வீதி மூடியதும் அதனைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வசந்தகாலம் வரை காத்திருப்பர். பின்னர் குதிரை பூட்டிய சறுக்குவண்டியே துணை. புயல் வீசினால் அதுவும் இல்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கும் நோயுற்ற குழந்தைக்கும் வைத்தியசாலை இருபது முப்பது மைலுக்கு அப்பால் இருக்குமாயின், அது வேறோர் உலகத்தில் இருப்பதற்கு ஒப்பாகும்.

அத்தகைய கிராமங்களுள் ஒன்று வல்கூர். அங்கே 1907 இற் பிறந்தவர் யோசேப் ஆர்மண்ட் பொம்பார்டியே. பொறிகளைக் கழற்றிப் பூட்டுவதிலே பேராசை கொண்ட பிள்ளை. அதற்கு இடங்கொடுக்கக் கருதிய தந்தை, பழுதடைந்த போட் வண்டியொன்றின் எஞ்சினை அவருக்குக் கொடுத்தார். 1922 டிசம்பர் 31 ஆந் தேதி, பதினைந்து வயதுச் சிறுவனாகிய யோசேப்பும் தமையன் தம்பியருள் ஒருவரான லெயோபோலும் கொட்டகையிலிருந்து விநோதமான வண்டி ஒன்றை வெளியே கொண்டுவந்தனர். சறுக்குவண்டியின் மேல் அந்த எஞ்சின். அதன் பின்னே, மூடுகவசம் எதுவுமின்றிச் சுழலும் ஒரு மரவிசிறி. லெயோபோல் திசை திருப்ப, யோசேப் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, வண்டி பேரிரைச்சலோடு வல்கூர் வீதியில் ஓடிற்று. ஊரார் வியந்தனர். தந்தையோ சுழலும் விசிறியைக் கண்டு நடுங்கி, அதனை உடனே கழற்றிவிடும்படி கட்டளையிட்டார். பனியூர்தியின் வரலாற்றிலே பாதுகாப்புப்பற்றி எழுந்த மிகப் பழைய கட்டளைகளுள் இது ஒன்று எனலாம். தந்தை சொன்னது சரியே என்பது என் கருத்து.

பனியில் மோட்டாரைச் செலுத்தும் ஆசை அச்சிறுவனுக்கு மட்டும் உரியதன்று. பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே தென்துருவத்தை நாடிச் சென்ற ரொபேட் ஸ்கொட், பட்டிகளில் ஊரும் மோட்டார்ச் சறுக்குவண்டிகள் மூன்றைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று கடற்பனி உடைந்து மூழ்கிற்று. எஞ்சிய இரண்டும் 1911 ஒக்ரோபர் 24 இற் புறப்பட்டன. ஒரு வாரஞ் சென்றதும் அவையும் கைவிடப்பட்டன. கொடுங்குளிரின் நடுவிலே அவற்றின் உருளைகள் அளவுக்கு மீறிச் சூடேறின என்பது வியப்புக்குரியது. காற்றினாற் குளிர்விக்கப்படும் எஞ்சின் பாரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல ஊரும்போது, போதிய காற்று அதன்மேற் படுவதில்லை. அடிக்கடி நிறுத்தி ஆறவிட வேண்டியதாயிற்று. ஆறவிட்டால் காபுரேற்றர் குளிர்ந்து எஞ்சின் மீண்டும் இயங்க மறுத்தது. ஈற்றில் உள்ளுறுப்புக்கள் உடைந்தன. இந்த வண்டிகளை உருவாக்குவதில் முன்னின்று உழைத்து நோர்வேயிற் பரீட்சித்த பொறியியலாளர் ஸ்கெல்ற்றன் அந்தப் பயணத்திற் சேர்க்கப்படவில்லை. தம்மைவிடப் பதவியில் உயர்ந்தவர் உடன்வருவதைத் துணைத்தலைவர் விரும்பாமையே காரணம் என்பர். வண்டிகளோடு சென்றவர் திறமையற்றவர் அல்லர். ஆயினும் புதிய யந்திரத்தைக் கொண்டுபோய், அதன் குணமறிந்தவரை விட்டுச் சென்றதைப் பிழை என்றே சொல்லவேண்டும். அப்பிழையின் பயனாக வண்டியோட்டிகள் நால்வரும் கயிற்றைத் தோளில் மாட்டிப் பாரத்தைத் தாமே இழுத்தனர்.

வல்கூருக்குத் திரும்புவோம். மகன் குருவானவராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். யோசேப்போ குருமடத்தை விட்டு நீங்கித் தொழில் பயின்று, 1926 இல், பத்தொன்பதாம் வயதிலே, சொந்த ஊரில் மோட்டார் திருத்துமிடம் ஒன்றைத் திறந்தார். கோடையிலே ஊராரின் வண்டிகளைத் திருத்துவார். குளிர்காலத்தில் வேலை குறைந்தபோது பனியூர்திகளைக் கட்டிச் சோதிப்பார். ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு தோல்வி. சில்லுகள் புதைந்தன, இரும்புப் பட்டிகளிற் பனி ஒட்டி உறைந்து கல்லாயிற்று.

1934 இன் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோன் குடல்வால் அழற்சியால் வருந்தினான். உடனே சத்திரசிகிச்சை செய்தாலன்றிப் பிழைக்கமாட்டான். ஷேர்புறூக் நகரத்து வைத்தியசாலை ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. வீதிகள் பனியால் மூடுண்டிருந்தன. தந்தையின் பட்டறையிலே பனியூர்தி ஒன்று இருந்ததாயினும் அது கழற்றிப் போட்டபடி கிடந்தது. குழந்தை இறந்தது.

இம்மரணத்தாலேதான் பனியூர்தி பிறந்தது என்று கூறுவாருளர். அது கதைக்கு அழகு. வரலாற்றுக்கு முற்றும் பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அம்முயற்சியிலேயே இருந்தார் என்பதை முன்னர் கண்டோம். அத்துக்கம் அவரை எவ்வாறு உந்தியது என்பதை நாம் அளக்க முடியாது. அடுத்த ஆண்டிலேயே அவர் வழியைக் கண்டார் என்பது மட்டும் உறுதி.

அவர் கண்ட வழி எளிமையானது. இரும்புப் பற்சில்லுக்கு றப்பர் உறை இட்டார். றப்பர்ப் பட்டிகளின் குறுக்கே எஃகுச் சட்டங்களைப் பிணைத்து, அப்பற்சில்லு அவற்றைப் பற்றி இழுக்குமாறு செய்தார். இரும்பிற் பனி ஒட்டிக்கொள்ளும். றப்பரோ நெளிந்து கொடுப்பதால் ஒட்டிய பனி உதிர்ந்துவிடும். 1937 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் வண்டியும், பின்னர் வட்டச் சன்னல்கள் கொண்ட பன்னிருவர் வண்டியும் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. வைத்தியர்களும் தபாற் பகுதியினரும் அவற்றை வாங்கினர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் அவை உதவின. 1948 அளவில் அரசாங்கம் கிராம வீதிகளிலும் பனியை அகற்றத் தொடங்கியதும் பெரிய வண்டிகளின் விற்பனை வீழ்ந்தது.

ஆகவே அவர் ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லும் சிறு ஊர்தியை நாடினார். 1959 இல் அது வெளிவந்தது. ‘ஸ்கி-டோக்’, அதாவது சறுக்கும் நாய், என்று பெயரிடக் கருதியிருந்தது அச்சுப் பிழையால் ‘ஸ்கி-டூ’ ஆயிற்று என்று கூறுவர். நாயின் பெயரை எண்ணியது பொருத்தமே. நாய் வண்டியின் இடத்தைப் பிடிக்கவே அது வந்தது. முதல் ஊர்திகளுள் ஒன்றை, ஒன்ராறியோவின் வடபுலத்து லான்ஸ்டவுன் ஹவுஸ் என்னும் ஊரிற் பணியாற்றிய மொறிஸ் வீமே என்ற கத்தோலிக்கக் குருவானவர் பெற்றார். அவர் நாய்கள் இழுக்கும் வண்டியிலே தம் சபையாரிடம் சென்றுவந்தவர்.

இங்கேதான் நமது பேச்சின் முக்கிய பகுதி தொடங்குகிறது. நாய்க்கு மீன் கொடுத்தால் அது ஓடும். யந்திரத்துக்கு என்ன கொடுக்க வேண்டும்? அதனை அறிவதற்கு வடபுலத்தார் தம் விரல்களையும், சிலர் தம் உயிரையும் விலையாகக் கொடுத்தனர்.

முதலாவது, பட்டியின் இறுக்கம். பட்டி தொய்ந்திருந்தால் பற்சில்லின் பற்கள் பிடியை விட்டுத் துள்ளும். மிக இறுகினால் எஞ்சினின் வலுவை உராய்வு தின்றுவிடும். பட்டியும் விரைவில் தேயும். ஊர்தியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சின் இருபுறத்துத் திருகாணிகளையும் சிறிது சிறிதாகத் திருப்பி, நூலிற் சொன்ன அளவு தொய்வை வைக்க வேண்டும். ஒருபுறம் கூடுதலாகத் தொய்ந்தால் பட்டி அந்தப் பக்கம் சாய்ந்து தேயும். இதனைச் சோதிக்கப் பட்டியை மெல்லச் சுழலவிடும்போது எவரும் பின்னால் நிற்கலாகாது. சுழலும் பட்டி சிறு கல்லையும் பனிக்கட்டியையும் பெருவேகத்தில் வீசியெறியும். பட்டறைகளில் இவ்விதியை மறந்தவர் கண்ணை இழந்ததுண்டு.

இரண்டாவது, எண்ணெய். பழைய சிறு ஊர்திகளுட் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவரே பெற்றோலில் எண்ணெயைக் கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகிவிடும். மிகுந்தால் தீப்பொறி தரும் பிளக்கிற் கரி படிந்து எஞ்சின் நிற்கும். கடுங்குளிரில் எண்ணெய் தேன்போலத் தடித்துப் பெற்றோலுடன் கலக்க மறுக்கும் என்பதால், வீட்டினுள்ளே சூட்டில் வைத்திருந்து கலப்பர். பெற்றோலோ அக்குளிரிலும் உறையாத திரவம். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையாக இருக்கும்போது (செல்சியஸ், பாரன்கைற் இரண்டிலும் அது ஒரே எண்) கையிற் பெற்றோல் சிந்தினால், தோல் அக்கணமே குளிரினாற் கருகும். நெருப்பு மூட்டும் பொருள் குளிராற் சுடுவதை நம் நாட்டவர் கற்பனை செய்தல் கடினம்.

இரவிலே நனைந்த பனியின்மேல் நிறுத்திய ஊர்தியின் பட்டி விடியற்காலையில் நிலத்தோடு உறைந்து கிடக்கும். அதனை அறியாமல் எஞ்சினை முடுக்கினால், வலுவைக் கடத்தும் வார் எரிந்து அறும். பழகியவர் மாலையிலே மரக்கிளைகளைப் பரப்பி அதன்மேல் நிறுத்துவர். புறப்படுமுன் வேகத்தைக் கூட்டும் நெம்பை இருமுறை அழுத்தி, அது தானாகத் திரும்புகிறதா எனப் பார்ப்பர். அதன் கம்பியில் ஈரம் உறைந்திருந்தால் அழுத்திய நெம்பு திரும்பாது. ஊர்தி மரத்தை நோக்கிப் பாயும். இக்காரணத்தால் இன்றைய ஊர்திகளில் ஓட்டுபவரின் மேலங்கியோடு பிணைக்கும் சிறு கயிறு ஒன்று உண்டு. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கயிற்றைப் பிணைக்காமலே ஓட்டுபவரும் உளர். அவர்களுக்கு நான் சொல்லத்தக்கது எதுவுமில்லை.

யந்திரம் செம்மையாக ஓடினும், அது ஓடும் தரை ஏமாற்றும். ஏரிமேல் உறைந்த பனிக்கட்டி மெலிந்திருப்பதை உணர்ந்து நாய்கள் நின்றுவிடுவதுண்டு; யந்திரம் நில்லாது. தெளிந்த பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலம் இருந்தாற் பனியூர்தி செல்லலாம் என்று அமெரிக்காவின் மினசோட்டா மாநில அதிகாரிகள் கூறுவர்; கனடாச் செஞ்சிலுவைச் சங்கமோ 25 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 10 அங்குலம், வேண்டும் என்று சொல்லும். வேறுபாடு பெரிது. ஆற்று நீரோட்டத்தின் மேலும், ஏரியிலே ஓடை கலக்கும் இடத்திலும் ஒரே ஏரியின் பனிக்கட்டி பலவாறு மெலியும். மேலே விழுந்த வெண்பனி போர்வைபோல நின்று, கீழுள்ள கட்டி தடிக்காமலும் தடுக்கும். ஆகவே நான் பெரிய எண்ணையே நம்புவேன். அதுவும் துளையிட்டு அளந்த பின்னரே. மற்றொரு விதியும் உண்டு: காட்டினுள்ளே தனியாகச் செல்லாதே. ஒரு மணிநேரத்தில் ஊர்தி கடந்த தூரத்தை ஆழ்பனியில் நடந்து மீள இரண்டு நாள் செல்லும்.

வடபின்லாந்திலே கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடம் 1960 ஆம் ஆண்டுகளில் இந்த ஊர்தி புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் சறுக்குக்கட்டையும் கலைமான் வண்டியும் மேய்ப்புத் தொழிலிலிருந்து மறைந்தன. அம்மாற்றத்தை ஆராய்ந்த பெர்த்தி பெல்ட்டோ என்ற மானிடவியலாளர் 1973 இல் வெளியிட்ட நூலிலே, ஊர்தியும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வாங்க இயலாத குடும்பங்கள் மந்தையை இழந்து தொழிலை விட்டு நீங்கியமையைக் காட்டினார். முன்பு மேய்ப்பவன் தன் வாகனத்தைத் தன் மந்தையிலிருந்தே பெற்றான். இப்போது அதனைப் பணங்கொடுத்து வாங்கி, பணங்கொடுத்தே ஓட்டினான்.

பொம்பார்டியே 1964 இல், 56 ஆம் வயதிற் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின், 1968 ஏப்ரிலில், மினசோட்டாவைச் சேர்ந்த ரால்ஃப் பிளெயிஸ்டெட் என்னும் காப்புறுதி முகவரின் குழுவினர் 43 நாட்கள் உறைகடலின்மேல் இத்தகைய ஊர்திகளில் ஓடி வடதுருவத்தை அடைந்தனர். அமெரிக்க விமானப்படை விமானம் ஒன்று வானிலிருந்து அவர்கள் நின்ற இடத்தை உறுதிசெய்தது. துருவத்தில் நின்ற நால்வருள் ஒருவர் பொறி திருத்துபவரான வோல்ற் பெடர்சன். இன்னொருவர் பொம்பார்டியேயின் உறவினரான ஜான்-லூக் பொம்பார்டியே. ஸ்கொட்டின் குழுவினர் விட்டுச் சென்ற ஆளை இவர்கள் உடனழைத்துச் சென்றனர்.

1926 இற் பத்தொன்பது வயது இளைஞர் திறந்த அந்தத் திருத்துமிடம் வல்கூரிலே அருங்காட்சியகத்தின் பகுதியாக இன்றும் பேணப்பட்டு வருகிறது.