அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடும் தற்காப்பு உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவது, வைத்திருப்பது, வெளியில் எடுத்துச் செல்வது ஆகியவற்றுக்கு அரசு எந்த அளவுக்கு வரம்பு விதிக்கலாம் என்பது நெடுங்காலமாக நீடிக்கும் சட்ட, அரசியல் விவாதமாகும். குற்றவாளியிடமிருந்து தன்னையும் குடும்பத்தையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி தேவை என்பது ஒரு தரப்பு. துப்பாக்கி பெருகினால் சாவும் பெருகும் என்பது மறுதரப்பு. 2017 நிலவரப்படி அந்நாட்டு மக்களிடம் சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள் இருந்ததாக, ஜெனீவாவிலிருந்து இயங்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' ஆய்வமைப்பு மதிப்பிட்டது. அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கிகள்.

இரண்டாம் திருத்தம்

விவாதத்தின் வேர் 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம். ஒரே வாக்கியமான அதன் முற்பகுதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கமைந்த குடிப்படை அவசியம் என்கிறது. பிற்பகுதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறலாகாது என்கிறது. உரிமை குடிப்படையைச் சார்ந்ததா, தனிமனிதருக்கே உரியதா என்பதே கேள்வி. குழல் வெட்டிய வேட்டைத் துப்பாக்கி தொடர்பான 1939ஆம் ஆண்டு மில்லர் வழக்கில், அந்த ஆயுதத்துக்கும் குடிப்படைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் பல்லாண்டுகள் கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் முதல் பொருளையே கொண்டன.

ஹெல்லர் வழக்கு

தலைநகர் வாஷிங்டன் 1976இல் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறக்குறைய முழுத் தடை விதித்தது. வீட்டிலிருக்கும் நீண்ட துப்பாக்கிகளையும் தோட்டா நீக்கி, பாகம் பிரித்தோ விசையைப் பூட்டியோதான் வைக்க வேண்டியிருந்தது. நள்ளிரவில் திருடன் நுழைந்தால் இப்படிப்பட்ட துப்பாக்கி எதற்கு உதவும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். வழக்குத் தொடுத்த டிக் ஹெல்லர் ஒரு சிறப்புக் காவலர். கூட்டாட்சி அரசின் கட்டடத்தைக் காக்கும் பணியில் அவர் கைத்துப்பாக்கி ஏந்தலாம். வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றைப் பதிவுசெய்யக் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது.

2008இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டாம் திருத்தம் தனிமனித உரிமை, அதன் உட்கரு தற்காப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் நீதிபதி அன்டோனின் ஸ்கலியா எழுதினார். உரிமை வரம்பற்றதல்ல என்றும், கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கான தடையும் பள்ளிகள் போன்ற இடங்களுக்கான தடையும் செல்லும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. 2010இல் மெக்டொனால்டு வழக்கு இவ்வுரிமையை மாநில அரசுகளுக்கும் பொருந்தச் செய்தது. 2022இல் புரூன் வழக்கு அதைப் பொது இடங்களுக்கும் நீட்டித்தது. கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்ற அளவுகோலையும் வகுத்தது. எனினும் 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறை தொடர்பான நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 8-1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

கட்டுப்பாட்டுச் சட்டங்கள்

பெரும்பாலான சட்டங்கள் ஓர் அதிர்ச்சியைத் தொடர்ந்தே பிறந்தன. மதுவிலக்குக் காலக் கும்பல் மோதல்களுக்குப் பின் 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வரியும் பதிவும் வந்தன. கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் கொலைகளைத் தொடர்ந்து, 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவதைத் தடுத்தது. கட்சி நிலைப்பாடுகள் எப்போதும் இன்றுள்ளபடி இருந்ததில்லை. கலிபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் துப்பாக்கியுடன் காவல்துறையைக் கண்காணித்துச் சுற்றிவந்தபோது, பொது இடத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி ஏந்துவதைத் தடைசெய்த 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், இன்று பொதுவாகக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ரொனால்டு ரீகன்.

1993ஆம் ஆண்டு பிராடி சட்டம் வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்குபவரின் விவரங்களை எஃப்பிஐ அமைப்புக்கு அனுப்புவார். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் விற்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவர் இந்த இடைவெளியில்தான் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். உரிமமின்றி நடக்கும் தனியார் விற்பனைக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இச்சரிபார்ப்பு கட்டாயமில்லை.

தற்காப்பு வாதம்

தன் வீட்டுக்குள் தாக்கப்படுபவர் பின்வாங்க வேண்டியதில்லை என்பது பழைய ஆங்கிலச் சட்ட மரபு. புளோரிடா 2005இல் இதைப் பொது இடங்களுக்கும் விரித்தது. பல மாநிலங்கள் பின்பற்றின. 2012இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது டிரேவான் மார்ட்டின் வழக்கில், சுட்டவர் தற்காப்பு என வாதிட்டு மறுஆண்டு விடுதலையானபோது இச்சட்டம் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. ஆயுத உரிமையை ஆதரிப்போர் 2005ஆம் ஆண்டு காஸில் ராக் வழக்கைச் சுட்டுவர். நீதிமன்றத் தடையாணையைக் காவல்துறை செயல்படுத்தவில்லை என்பதற்காக வழக்குத் தொடுக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்று அதில் உச்ச நீதிமன்றம் கூறியது. காவல்துறை வந்து காக்கும் என்ற உறுதி இல்லாதபோது, குடிமகன் தானே தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

ஆய்வுகளின் முரண்

தற்காப்புக்காகத் துப்பாக்கி எத்தனை முறை பயன்படுகிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் முறை என்றது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ அதில் மிகச் சிறு பங்கையே காட்டுகிறது. முன்னது தொலைபேசியில் எல்லோரிடமும் கேட்டது. பின்னது, குற்றத்துக்கு ஆளானதாகச் சொன்னவர்களிடம் மட்டுமே கேட்கிறது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கே கொலை நிகழும் ஆபத்தோடு தொடர்புடையது என்று 1993இல் ஆர்தர் கெல்லர்மேன் குழு கண்டது. துப்பாக்கி ஏந்த அனுமதித்தால் குற்றம் குறையும் என்று 1998இல் ஜான் லாட் வாதிட்டார். அதை ஏற்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று 2004இல் தேசிய ஆராய்ச்சிக் குழு அறிவித்தது.

இருதரப்பு முழக்கங்களிலும் அதிகம் இடம்பெறாதது தற்கொலை. 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள்.

இன்றைய நிலை

உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பின், 2022 ஜூனில் இருகட்சி ஆதரவுடன் ஒரு சட்டம் நிறைவேறியது. 21 வயதுக்குட்பட்டோருக்கான சரிபார்ப்பை அது கடுமையாக்கியது. மறுபக்கம், பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இப்போது உரிமமே தேவையில்லை. தனிமனிதருக்கு ஆயுத உரிமை உண்டா என்ற கேள்விக்கு ஹெல்லர் தீர்ப்பு விடை சொல்லிவிட்டது. யாருக்கு, எங்கே, எவ்வகை ஆயுதம் என்பவைதான் இப்போது நீதிமன்றங்களில் வழக்காடப்படும் கேள்விகள்.