இவோ ஜிமா அஞ்சல்தலையும் போர் நினைவகமும்

இவோ ஜிமா கொடியேற்றம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1945 பெப்ரவரி 23 அன்று, ஜப்பானின் இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி மலையுச்சியில் அமெரிக்க மரைன் படைவீரர் அறுவர் தம் நாட்டுக் கொடியை நாட்டிய நிகழ்வாகும். அசோசியேட்டட் பிரெஸ் நிறுவனத்தின் ஜோ ரோசெந்தால் எடுத்த இதன் ஒளிப்படம் புலிட்சர் பரிசு பெற்றது. இப்படமே பின்னர் அஞ்சல்தலையாகவும் வெண்கலச் சிலையாகவும் உருப்பெற்றது.

அஞ்சல்தலை

பசிபிக் போர் முடியுமுன்பே, 1945 ஜூலை 11 அன்று, 3 சென்ட் மதிப்புள்ள பச்சைநிற அஞ்சல்தலை வெளியானது. உயிருடன் இருப்போரின் உருவத்தை அமெரிக்க அஞ்சல்தலைகளில் பொறிப்பதில்லை என்பது மரபு. படத்திலுள்ளோரில் மூவர் இவோ ஜிமாவிலேயே இறந்துவிட்டனர். எஞ்சிய மூவர் உயிருடன் இருந்தனர். எனினும் இதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. 13 கோடிக்கும் மேற்பட்ட தலைகள் விற்பனையாயின.

நினைவகம்

மரைன் படை நினைவகம் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் 1954 நவம்பர் 10 அன்று, குடியரசுத் தலைவர் ஐசனாவர் முன்னிலையில் திறக்கப்பட்டது. சிற்பி பீலிக்ஸ் டி வெல்டன். உருவங்கள் ஏறத்தாழ 32 அடி உயரமுடையவை. 60 அடிக் கம்பத்தில் உண்மையான துணிக்கொடியே பறக்கிறது. செலவான 8,50,000 டாலரும் நன்கொடையாகத் திரட்டப்பட்டது. 1775 முதல் உயிர்நீத்த மரைன் வீரர் அனைவருக்கும் உரியது இந்நினைவகம்.

அடையாளக் குழப்பம்

படத்தில் முகங்கள் பெரும்பாலும் மறைந்துள்ளன. இதனால் அறுவரில் மூவரின் பெயர்கள் தொடக்கத்தில் தவறாகவே அறிவிக்கப்பட்டன. ஹார்லன் பிளாக் இருந்த இடத்தில் ஹென்றி ஹான்சனின் பெயர் இருந்தது. இருவருமே போரில் மாண்டவர்கள். உயிர்தப்பிய ஐரா ஹேய்ஸ் இத்தவற்றை அறிந்திருந்தார். பெயர்கள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதால் பேசாதிருக்குமாறு அவரிடம் கூறப்பட்டது. 1946 இல் அவர் அரிசோனாவிலிருந்து டெக்சாசுக்கு வழியில் வந்த வண்டிகளில் ஏறிச் சென்று, பிளாக்கின் தந்தையிடம் நேரில் உண்மையைச் சொன்னார். 1947 இல் பிழை திருத்தப்பட்டது. நினைவகத் திறப்பில் கலந்துகொண்ட ஹேய்ஸ், அடுத்த சனவரியில் தமது 32 ஆவது வயதில் காலமானார்.

மற்ற இரு பிழைகள் நீங்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆர்வலர்கள் சிலர் உடை, இடைவார் போன்ற நுணுக்கங்களைப் பிற படங்களுடன் ஒப்பிட்டு எழுப்பிய ஐயத்தின் பேரில் மரைன் படை ஆய்வு நடத்தியது. 2016 இல் ஜான் பிராட்லிக்குப் பதிலாக ஹரல்டு ஷுல்ட்சும், 2019 இல் ரெனே காக்னனுக்குப் பதிலாக ஹரல்டு கெல்லரும் அடையாளம் காணப்பட்டனர். பிராட்லி அன்று முதலில் ஏற்றப்பட்ட சிறிய கொடியுடன் தொடர்புடையவர். படத்திலுள்ள இரண்டாவது கொடியை மலைமேல் கொண்டுசென்றவர் காக்னன். ஆகவே இருவரும் அந்நிகழ்வுக்கு அந்நியர் அல்லர். கெல்லர் 1979 இலும் ஷுல்ட்சு 1995 இலும் இறந்துவிட்டனர். படத்தில் இருப்பது தாமே என இருவரும் பொதுவில் உரிமை கோரியதில்லை.