அறுபத்தைந்து ஆடுகளுக்கு ஒரு ரசீது

எகிப்து அராபியர் வசமானதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரபு வரலாறுகளில் மிகப் பழையது இப்னு அப்துல் ஹகம் எழுதியது. அவர் இறந்தது 871இல். அம்ர் இப்னுல் ஆஸ் தன் படையுடன் எகிப்துக்குள் நுழைந்தது 639இன் கடைசியில். இடையில் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் வாளின் கதையும் வளர்ந்தது, கருணையின் கதையும் வளர்ந்தது. எல்லாம் வாள்முனையில் நடந்தது என்கிறது ஒன்று. பைஸாந்தியத்தின் மதக் கெடுபிடியில் வெந்துகொண்டிருந்த காப்டிக் கிறிஸ்தவர்கள் தாங்களே கதவைத் திறந்துவிட்டார்கள் என்கிறது மற்றது. இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும். ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதிய நிகியூ நகரத்து பிஷப் யோவான், அம்ர் சர்ச்சுகளின் சொத்தைத் தொடவில்லை என்கிறார். ஜனங்களைக் கால்வாய் வெட்ட வைத்து வதைத்ததையும் அதே நூலில் சொல்கிறார். கட்சிக்கு ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு இரு தரப்பாரும் திருப்தியாகப் போய்விடலாம். போயும் இருக்கிறார்கள்.

ஆனால் எகிப்தின் வறண்ட மணல் வரலாற்றாசிரியர்களுக்குக் கட்டுப்பட்டதல்ல. அது பாபிரஸ் தாள்களை அழிய விடாமல் வைத்திருந்தது. வியன்னாவில் இருக்கும் ஒரு தாள் 643 ஏப்ரல் 25ஆம் தேதி எழுதப்பட்டது. அலெக்ஸாந்திரியாவிலிருந்து பைஸாந்தியப் படை வெளியேறி ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. ஹெராக்ளியோபோலிஸ் நகரத்து அதிகாரிகள் இருவரிடமிருந்து அப்துல்லா என்ற அராபியத் தளபதி 65 ஆடுகளைத் தன் படைக்காகப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது. மேலே கிரேக்கம், கீழே அரபு. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற கிறிஸ்தவ டீக்கன். அரபுப் பகுதியின் முடிவில் ஹிஜ்ரி 22 என்ற ஆண்டு இருக்கிறது. கிரேக்கத்திலோ பழைய பைஸாந்திய வரிச் சுழற்சியின் ஆண்டு. எண்ணிக்கையை இலக்கத்தில் எழுதி, எழுத்தாலும் எழுதி, இதற்கு மேல் இல்லை என்றும் சேர்த்திருக்கிறார் டீக்கன். தாளின் பின்பக்கக் குறிப்பு அந்த ஆடுகளை அவ்வருஷத்து வரியில் வரவு வைக்கிறது.

ஒரு படை ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போவதில் புதுமை எதுவும் இல்லை. பிடித்ததற்கு ரசீது கொடுப்பதுதான் விஷயம். வாளோடு வந்தவன் தனக்குத் தெரியாத மொழியில் தன் பெயரை எழுத ஒரு குமாஸ்தாவை அனுமதிக்கிறான். குமாஸ்தா தன்னுடைய பழைய வாய்பாட்டை அப்படியே எடுத்து, எஜமானன் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறான். ஆட்சி கைமாறுவது என்பது இந்த இருவரும் ஒரே தாளில் சந்திக்கிற காரியமாக இருந்திருக்கிறது.

அறுபது, எழுபது வருஷம் கழித்து என்ன நடந்தது என்பதற்கு வேறொரு புதையல் இருக்கிறது. மேல் எகிப்தில் அஃப்ரோடிட்டோ என்ற ஊர், இன்றைய கோம் இஷ்காவ். 1901இல் அங்கே கிடைத்த தாள்களில், 709இல் கவர்னராக வந்த குர்ரா இப்னு ஷரீக், அவ்வூர் அதிகாரி பஸிலியஸுக்கு அனுப்பிய கடிதங்கள் ஏராளம். பிற்காலத்து நூல்கள் குர்ராவைக் கொடுங்கோலன் என்கின்றன. மசூதி கட்டும் கொத்தர்கள் மாலையில் கலைந்த பிறகு உள்ளே போய் மது குடித்தவன் என்று கதை சொல்கின்றன. கடிதங்களில் தெரிகிற மனிதன் வேறு. வரிப் பாக்கி ஏன் வரவில்லை என்று அதட்டுகிறான். குடியானவர்களைக் கசக்காதே என்று அதே மூச்சில் எச்சரிக்கிறான். தனக்கு வரவேண்டிய கடன் வரவில்லை என்று ஒருவன் முறையிட்டால், சாட்சியம் இருந்தால் வாங்கிக் கொடு, விஷயம் வேறாக இருந்தால் எனக்கு எழுது என்கிறான். டமாஸ்கஸிலும் ஜெருசலேமிலும் நடக்கிற கட்டட வேலைக்கு ஆள் கேட்கிறான். கப்பற்படைக்கு மாலுமி கேட்கிறான். வரிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களைத் தேடிப் பிடித்துக் கசையடியும் அபராதமும் விதிக்கச் சொல்கிறான்.

இவற்றில் எது உண்மையான குர்ரா என்று கேட்பது பிசகு. குடியானவன் பிழைத்திருந்தால்தான் தங்கம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். இதனால் அவன் நியாயம் போலியாகிவிடாது. கடன் கொடுத்தவன் கைக்குப் பணம் வருவதற்கு அந்தக் கடிதம் உதவக்கூடியதுதான். அவனுடைய நியாயமும் கசையடியும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள்.

மொழிகள் வரிசைப்பட்டு நிற்பதையும் இத்தாள்களில் பார்க்கலாம். கவர்னரின் கட்டளை அரபிலும் கிரேக்கத்திலும் போகிறது. கிராமங்களுக்கான வரி நோட்டீஸ் இருமொழியில். மாலுமிக்கும் வேலையாளுக்கும் ஊர்க்காரர்கள் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரங்கள் காப்டிக்கில். கட்டளை ஜனங்களின் மொழியில் இல்லை; கட்டுப்படுவதுதான் அதில் இருக்கிறது. இத்தனைக்கும் 706 வாக்கிலேயே எகிப்தின் திவான் அரபுக்கு மாற உத்தரவாகிவிட்டது. உத்தரவுக்குப் பிறகும் கிரேக்கம் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கணக்கில் உயிர் வைத்திருந்து, பிறகு போயிற்று. டீக்கன் யோவானின் தொழில் வாரிசுகள் அரபு கற்றுக்கொண்டார்கள், அல்லது உத்தியோகம் இழந்தார்கள். காப்டிக் கோவிலுக்குள் ஒதுங்கி இன்றும் பிரார்த்தனையில் இருக்கிறது. வரிக்கு எதிராக 725இல் தொடங்கிய கிளர்ச்சிகளில் கடைசிப் பெரியது நைல் கழிமுகத்து பஷ்மூரில் நடந்தது. 832இல் கலீபா அல்-மாமூன் நேரில் வந்து அதை அடக்கினான்.

இதே அஃப்ரோடிட்டோவில், அராபியர் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால், ஆறாம் நூற்றாண்டில், டியோஸ்கோரஸ் என்றொருவன் இருந்தான். வக்கீல்; கவிஞன். தன் வரியைத் தானே வசூலித்துச் செலுத்தும் உரிமை அவ்வூருக்கு இருந்தது. அதைப் பறிக்கப் பார்த்த வட்டார அதிகாரியோடு வழக்காடி, 551இல் கான்ஸ்டான்டிநோபிள் வரை போனவன். பெரிய மனிதர்களின் உதவி வேண்டி அவன் எழுதிய கிரேக்கத் துதிப்பாடல்கள் பழைய தாள்களின் பின்பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. மெனாண்டரின் நாடக ஏடு ஒன்றும் அவனிடம் இருந்தது. 1905இல் அது கிடைத்தபோது, ஜாடியில் பத்திரப்படுத்திய சட்ட ஆவணங்களுக்கு மேலுறையாக அதன் ஏடுகள் கிடந்தன.

அரசு மாறுவதற்கு முன்பும் அந்த ஊரில் கவிதை மனுவாகத்தான் இருந்தது. நாடகம் பத்திரத்துக்குப் போர்வையாயிற்று. அராபியர் கொண்டுவந்ததும் அழித்ததும் எது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிக்கும் தாளுக்கும் இருந்த பழைய உறவை வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை, சுவீகரித்தார்கள். அதன் மொழியை மெள்ள மாற்றினார்கள். வாளைப் பற்றிப் பாட இரு தரப்பிலும் ஆள் இருந்தது. தோற்றவன் பக்கம் நின்று, இதற்கு மேல் இல்லை என்று எல்லை போட்ட வாக்கியம் ஒரு குமாஸ்தாவுடையது. அது எத்தனை நாள் செல்லுபடியாயிற்று என்பதுதான் எந்த ஆட்சியைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.